அடுத்த வீட்டு மருந்து ஆகுமா?

தமிழ்நாட்டில் வீட்டுத் தோட்டம் போடுகிறவர்கள் பெருகி விட்டார்கள். செடிகளைத் தின்னும் பூச்சிகளும் பெருகி விட்டன. பூச்சியை ஒழிக்க யோசனை சொல்லுகிறவர்களோ, எல்லாவற்றையும் விடப் பெருகி விட்டார்கள்!

இந்த யோசனைகளில் எதைக் கேட்கலாம்? எதைக் கேட்கக் கூடாது? இது ஏதோ பொழுதுபோக்கு விஷயம் அல்ல. சோற்றில் விஷம் கலக்குமா, கலக்காதா என்கிற விஷயம்.

ஏன் இந்த ஆர்வம்?

2020-ம் ஆண்டில் கொரோனா ஊரடங்கு வந்தது. மக்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள். காய்கறி வாங்கக் கடைக்குப் போவதே கஷ்டமாக இருந்தது. அப்போது பலர் மொட்டை மாடியில் நாலு தொட்டி வைத்தார்கள்.

2023-ம் ஆண்டு ஜூலை மாதம் தக்காளி விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. சென்னையில் ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குச் சர்க்காரே தக்காளி விற்க வேண்டி வந்தது. "வீட்டில் இரண்டு செடி இருந்தால் ரசத்துக்காவது ஆகுமே" என்று எண்ணாத குடும்பம் இல்லை.

2025-ம் ஆண்டு ஜூலையில் தமிழ்நாடு சர்க்கார் "ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கம்" என்ற திட்டத்தைத் தொடங்கியது. தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, கொத்தவரை, கீரை விதைகள் அடங்கிய பொட்டலமும், பப்பாளி, கொய்யா, எலுமிச்சைச் செடிகளும் வீடுகளுக்குக் கொடுக்கப்பட்டன.

விதை வந்தது. செடி வந்தது. பூச்சி வந்தால் என்ன செய்வது என்ற அறிவு மட்டும் வீட்டுக்கு வீடு வந்து சேரவில்லை. அந்த இடத்தை அடுத்த வீட்டு யோசனை பிடித்துக்கொண்டது.

வேலி ஓரப் பேச்சு

நேற்று வரை தளதளவென்று இருந்த மிளகாய்ச் செடி, இன்று இலை சுருண்டு நிற்கும். உடனே வேலி ஓரத்தில் பேச்சு தொடங்கும். கோவைப் பக்கத்துத் தெருக்களில் இந்தப் பேச்சு இப்படி இருக்கும்:

"அக்கா, மிளகாய் இலையெல்லாம் சுருட்டிக்கிட்டு நிக்குது. என்ன பண்றது?"

"எங்க வீட்டுலயும் இப்படித்தான் இருந்துச்சு கண்ணு. ஒரு மருந்து அடிச்சோம், சரியாப் போச்சு. மிச்சம் இருக்குது, தர்றேன்."

அந்த அக்காள் நல்ல மனதோடுதான் கொடுக்கிறார். ஆனால் அதே மருந்து இந்த வீட்டுச் செடிக்குப் பலிக்காமல் போகலாம். ஏன்?

மிளகாய் இலை சுருளுவதற்கு ஒரே காரணம் இல்லை. இலையின் இரு ஓரங்களும் மேல் நோக்கி மடிந்தால் அது பெரும்பாலும் இலைப்பேனின் வேலை. கீழ் நோக்கி மடிந்து, கவிழ்த்த படகு போல ஆனால் அது மிகச் சிறிய ஒரு வகைச் சிலந்தியின் வேலை. இது வலை பின்னும் வீட்டுச் சிலந்தி அல்ல. வெறுங்கண்ணுக்கு எளிதில் தெரியாது. மூன்றாவதாக ஒரு நோயும் உண்டு. வெள்ளை ஈ அந்த நோயைச் செடிக்குச் செடி பரப்புகிறது. நோய் கண்ட செடிக்கு மருந்து கிடையாது. அதைப் பிடுங்கி எறிந்தால்தான் மற்றச் செடிகள் பிழைக்கும்.

இலைப்பேனைக் கொல்லும் மருந்துகள் பல, சிலந்தியைக் கொல்லுவதில்லை. சிலந்தியைத் தின்னும் நல்ல பூச்சிகளைக் கொன்று விடுகின்றன. மருந்து அடித்த பிறகு சிலந்தி அதிகமாவது இதனால்தான்.

ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "என்ன மருந்து?" என்பது அல்ல. "என்ன பூச்சி?" என்பதுதான்.

பப்பாளிக்கு வந்த ஆபத்து

பூச்சியை அறியாமல் மருந்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது.

2008-ம் ஆண்டில் கோவையில் பப்பாளி மரங்களில் வெள்ளைப் பஞ்சு போல ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டார்கள். அது ஒரு புதிய மாவுப்பூச்சி. மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கத்தைச் சேர்ந்தது. அதற்கு முன் இந்தியாவில் அதைப் பார்த்தவர் இல்லை.

இரண்டே ஆண்டுகளில் அது பல மாவட்டங்களுக்குப் பரவியது. பப்பாளி மட்டும் அல்ல. மரவள்ளி, பட்டுப்புழுவுக்குப் போடும் மல்பெரி, வீட்டு வாசலில் நிற்கும் செம்பருத்தி எல்லாம் அதற்கு இரையாயின. மரங்கள் வெளுத்து, இலை கொட்டி, மொட்டையாக நின்றன.

மக்கள் மருந்து மேல் மருந்தாக அடித்தார்கள். பலன் இல்லை. அந்தப் பூச்சியின் உடம்பு மெழுகுப் பொடியால் மூடப்பட்டிருக்கிறது. மருந்து அதன் மேல் ஒட்டாமல் வழிந்து விடும். தப்பிப் பிழைத்தவை மறுபடியும் முட்டையிட்டுப் பெருகின.

காப்பாற்றிய குளவி

விஞ்ஞானிகள் வேறு வழியை யோசித்தார்கள். "இந்தப் பூச்சி பிறந்த நாட்டில் இதைக் கட்டுக்குள் வைப்பது எது?" என்று பார்த்தார்கள். ஒரு சிறு குளவி!

கொட்டுகிற குளவி அல்ல அது. ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாதது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை இடும். முட்டையிலிருந்து வரும் புழு, மாவுப்பூச்சியை உள்ளிருந்தே தின்று தீர்க்கும். பிறகு குளவியாகி வெளியே பறக்கும்.

2010-ம் ஆண்டு ஜூலையில் இத்தகைய மூன்று வகைக் குளவிகள் பியூர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து பெங்களூருக்குக் கொண்டு வரப்பட்டன. பரிசோதனை முடிந்த பிறகு, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கிப் பல மாவட்டங்களில் விட்டது. "குளவி விட்ட இடத்தில் மருந்து அடிக்காதீர்கள்" என்று விவசாயிகளுக்குச் சொல்லப்பட்டது.

சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது. எத்தனையோ மருந்துகளால் ஆகாத காரியத்தை, கண்ணுக்குத் தெரியாத குளவி செய்து முடித்தது!

இதில் வீட்டுக்காரர்களுக்கு ஒரு பாடம் உண்டு. குளவிக்கு வேலி கிடையாது. அது பத்து வீட்டுத் தோட்டத்துக்கும் பொதுவான காவல்காரன். ஒரு வீட்டில் கடும் விஷத்தை அடித்தால், அங்கே வந்து போகும் குளவியும் சாகும். நஷ்டம் அந்த வீட்டோடு நிற்காது. அடுத்த வீடும் சேர்ந்து அனுபவிக்கும்.

தென்னையில் வெள்ளை ஈ

இப்போது பல வீடுகளில் பேச்சாக இருப்பது தென்னையைத் தாக்கும் சுருள் வெள்ளை ஈ. இதுவும் வெளிநாட்டிலிருந்து வந்ததே. 2016-ம் ஆண்டில் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தென்பட்டது. பிறகு தென்னை உள்ள இடமெல்லாம் பரவியது. வாழை, கொய்யா, சப்போட்டா ஆகியவற்றிலும் இதைப் பார்க்கலாம்.

ஓலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் கோலம் போட்டது போல வெள்ளை வெள்ளையாகச் சுருள் வட்டங்கள் இருக்கும். அவை முட்டைகள். ஈக்கள் சாற்றை உறிஞ்சி, தேன் போன்ற பிசுபிசுப்பான திரவத்தைக் கீழே விடுகின்றன. அதன் மேல் கரும்பூசணம் படர்கிறது. ஓலை கறுக்கிறது. கீழே நிற்கும் செடி, நிறுத்திய வண்டி எல்லாம் கறுப்பாகின்றன. இதைக் கண்டு வீட்டுக்காரர்கள் பயந்து விடுகிறார்கள். மருந்தைத் தேடி ஓடுகிறார்கள்.

ஆனால் இந்த எதிரி வந்த வழியிலேயே காவல்காரனும் வந்திருக்கிறான். "என்கார்சியா" என்ற மிகச் சிறிய குளவி, இந்த ஈயின் குஞ்சுகளை அழிக்கிறது. அதனால்தான் வேளாண்மை நிபுணர்கள் இதற்கு விஷ மருந்து அடிக்க வேண்டாம் என்கிறார்கள்.

அவர்கள் சொல்லும் வழிகள் எளியவை. மஞ்சள் நிறத் தாளில் ஆமணக்கு எண்ணெய் தடவி மரத்தடியில் கட்டினால் ஈக்கள் வந்து ஒட்டிக்கொள்ளும். எட்டும் உயரத்து ஓலைகளில் அடிப்பக்கம் படும்படி தண்ணீரை வேகமாகப் பீய்ச்சலாம். கறுப்பைப் போக்க, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதா மாவைக் கலந்து காய்ச்சிய பசைத் தண்ணீரை ஆறவைத்துத் தெளிக்கலாம். அது காய்ந்து உரியும்போது கரும்பூசணத்தையும் உரித்துக்கொண்டு விழும்.

இன்னும் ஒரு வழி உண்டு. குளவி வளரும் ஓலையைச் சிறு துண்டாக வெட்டி எடுத்து, குளவி இல்லாத மரத்தில் செருகுவது. இது உண்மையிலேயே நல்ல "அடுத்த வீட்டு மருந்து." எந்த ஓலையில் குளவி இருக்கிறது என்று தெரிந்தவர் ஒருவரிடம் காட்டி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வெள்ளை ஈயையே சுமந்துகொண்டு போனதாக முடியும்!

பாட்டி வைத்தியம் பலிக்குமா?

வேலி ஓரத்து யோசனைகள் எல்லாமே தவறு அல்ல. சில நல்லவை. சில வீண். சில கெடுதல்.

வேப்ப எண்ணெய் நல்லது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி போதும். எண்ணெய் தண்ணீரில் கலக்காது. ஆகையால் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்க்க வேண்டும். மாலையில்தான் தெளிக்க வேண்டும். வெயிலில் தெளித்தால் இலை கருகும். வேம்பின் வீரியமும் குறையும்.

துணி துவைக்கும் பவுடரைக் கரைத்து அடிக்கும் பழக்கம் கெடுதல். பூச்சி சாவதற்கு முன் இலை வெந்து போகும்.

விறகுச் சாம்பல் நல்லது. அவரைக் கொடியில் மொய்க்கும் அசுவினியின் மேல் காலையில் தூவலாம். பிளாஸ்டிக் எரித்த சாம்பலைத் தோட்டத்தில் சேர்க்கவே கூடாது.

கறிவேப்பிலைக்குப் புளித்த மோரை நீர்க்க ஊற்றுவதால் தீங்கு இல்லை. ஆனால் இலையைத் தின்னும் புழு மோருக்குப் போகாது. பறவை எச்சம் போல இலை மேல் ஒட்டியிருப்பதும், பெரிதானால் பச்சையாக இருப்பதும் அந்தப் புழுதான். கையால் பொறுக்கி எறிந்தால் போதும்.

கத்தரியில் நுனி மட்டும் வாடித் தொங்கினால் தண்ணீர் ஊற்றிப் பயன் இல்லை. உள்ளே புழு இருக்கிறது. வாடிய நுனியைச் சற்றுக் கீழே சேர்த்து வெட்டி அழிக்க வேண்டும். கோடையில் தக்காளிப் பூ உதிர்ந்தால் பெரும்பாலும் வெயில்தான் காரணம். அங்கே கொல்லுவதற்குப் பூச்சியே இல்லை.

செடியில் எறும்பு வரிசையாக ஏறினால் மேலே பாருங்கள். அசுவினியோ, மாவுப்பூச்சியோ அங்கே இருக்கும். அவை விடும் இனிப்புக்காகவே எறும்பு போகிறது. அந்த இனிப்பைக் காக்க, நல்ல பூச்சிகளை எறும்பு விரட்டியும் விடும்.

சமையலறைக்கு வரும் விஷம்

எல்லாவற்றிலும் ஆபத்தான யோசனை, "வயலுக்கு வாங்கினது மிச்சம் இருக்கு" என்று சொல்லிச் சிறு பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பதுதான்.

அந்தப் பாட்டிலில் பெயர் இல்லை. அளவு இல்லை. அடித்து எத்தனை நாள் கழித்துக் காயைப் பறிக்கலாம் என்ற குறிப்பும் இல்லை. வீட்டில் கறிவேப்பிலையைக் காலையில் பறித்து அப்போதே தாளிப்பார்கள். பத்து நாள் யார் காத்திருப்பார்கள்?

மோனோகுரோட்டோபாஸ் என்ற மருந்தைக் காய்கறிகளுக்கு அடிக்கக் கூடாது என்று 2005-ம் ஆண்டிலேயே தடை வந்தது. அதன் வழக்கமான 36 சதவீதச் சரக்குக்கு 2023-ம் ஆண்டில் மத்திய சர்க்கார் தடை விதித்தது. ஆனால் பெயர் தெரியாத பாட்டிலில் இருப்பது எது என்று யாரால் சொல்ல முடியும்?

குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைத்த பூச்சி மருந்தைக் குழந்தைகள் குடித்துவிட்ட செய்திகள் பத்திரிகைகளில் வந்திருக்கின்றன. அந்தத் துயரம் எந்த வீட்டுக்கும் வேண்டாம்.

கடையில் விற்கும் மருந்து டப்பாவில் சீட்டுக்கட்டின் டைமன் போல ஒரு கட்டம் அச்சிட்டிருக்கும். அதன் கீழ்ப் பாதியின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம். மஞ்சள் அதற்கு அடுத்தது. நீலம் அதற்கும் குறைவு. பச்சை மிகக் குறைவு. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்களும் இந்த நிறத்தைப் படிக்கலாம். சிவப்பும் மஞ்சளும் வீட்டுத் தோட்டத்துக்குள் வரவே வேண்டாம்.

யாரைக் கேட்பது?

தோட்டக்கலை அலுவலகங்கள் ஒவ்வொரு வட்டாரத்திலும் இருக்கின்றன. மாவட்டங்களில் வேளாண்மை அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. கெட்டுப்போன இலையை ஒரு காகிதப் பையில் போட்டு எடுத்துப்போய்க் காட்டலாம். 1800-180-1551 என்ற எண்ணில் விவசாயிகளுக்கான இலவசத் தொலைபேசி நிலையத்தையும் தமிழிலேயே கேட்கலாம்.

அடுத்த வீட்டாரிடம் கேட்கக் கூடாதா? தாராளமாகக் கேட்கலாம். ஒரே மண், ஒரே தண்ணீர், ஒரே வெயில். அவர்கள் அனுபவம் பெரிய சொத்து. விதை வாங்கலாம், நாற்று வாங்கலாம், எரு வாங்கலாம். "உங்கள் செடியில் என்ன பூச்சி இருந்தது? இலை எப்படிச் சுருண்டது?" என்று விவரம் கேட்கலாம்.

பெயர் ஒட்டாத பாட்டிலை மட்டும் வாங்கக் கூடாது. கொடுக்கவும் கூடாது.