மருத்துவச் சுற்றுலா: விலைப்பட்டியல் இல்லாத கடைக்கு விளம்பரம் எதற்கு?

இலங்கையை மருத்துவச் சுற்றுலாவின் கேந்திர நிலையமாக மாற்றப் போகிறோம் என்ற பேச்சை நான் பல வருடங்களாகக் கேட்டு வருகிறேன். அரசாங்கங்கள் மாறின, அமைச்சர்கள் மாறினார்கள், இந்தப் பேச்சு மட்டும் மாறவில்லை. வர்த்தகர் கூட்டங்களில் யாராவது இதைச் சொன்னால் எம்மவர்கள் உடனே கைதட்டுவார்கள். நானும் கைதட்டியவன்தான். ஒரு நோயாளி வந்தால் கூடவே இரண்டு பேர் வருவார்கள். அறை, சாப்பாடு, முச்சக்கர வண்டி, மருந்து, ஊருக்குத் திரும்பும்போது கொஞ்சம் துணிமணி என்று காசு பல கைகளுக்குப் போகும். கடற்கரைக்கு வரும் உல்லாசப் பயணியின் காசு பெரிய ஹோட்டல்களோடு நின்றுவிடும். நோயாளியின் காசு வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் சந்து பொந்துகளுக்குள்ளும் புழங்கும்.

ஆனால் ஒரு பில்லைப் பார்த்த பிறகு எனக்குக் கைதட்ட மனம் வரவில்லை.

புறக்கோட்டையில் வெங்காயமும் பலசரக்கும் வாங்கி மாலேக்கு அனுப்பும் மாலைதீவு நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. இருபது வருடக் கொடுக்கல் வாங்கல். அவருடைய மனைவிக்குப் பித்தப்பையில் கல். கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையில் சத்திர சிகிச்சை செய்வதென்று முடிவாயிற்று. வருவதற்கு முன்பே தொலைபேசியில் தொகை கேட்டார், சொன்னார்கள். அந்தத் தொகையோடு கொஞ்சம் மேலதிகமாகவும் எடுத்துக் கொண்டுதான் வந்தார். சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். வைத்தியரும் தாதிமாரும் அன்பாகக் கவனித்தார்கள். அதில் ஒரு குறையும் இல்லை.

வீடு செல்லும் நாளில் பில் வந்தது. சொன்ன தொகையின் ஒன்றரை மடங்கு! கையுறையிலிருந்து பஞ்சு வரை தனித்தனியாகப் போட்டிருந்தார்கள். வந்து பார்க்காத ஒரு வைத்திய நிபுணரின் கட்டணமும் இருந்தது. நான் காசாளரிடம் கேட்டேன். "சேர், அது எஸ்டிமேட் தானே" என்றார். அதற்கு மேல் பேச யாரும் இல்லை. நோயாளி கதிரையில் உட்கார்ந்திருக்கிறார், விமானம் மறுநாள் காலை. மீதியை நான் கொடுத்து உதவினேன். பிறகுதான் தெரிந்தது, அவரை அங்கே அழைத்துச் சென்ற தரகருக்கும் வைத்தியசாலையிடமிருந்து ஒரு பங்கு போயிருக்கிறது. அந்தத் தரகர் எம்மவர்தான் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன்.

வியாபாரிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நாம் ஒரு கொட்டேஷன் கொடுத்தால் அந்த விலைக்குச் சரக்கைக் கொடுக்க வேண்டும். நட்டமானாலும் கொடுப்போம். கொடுக்காவிட்டால் அடுத்த ஓர்டர் வராது. புறக்கோட்டையில் வெங்காய வியாபாரிக்கு இருக்கும் இந்த ஒழுங்கு, பளிங்கு பதித்த வைத்தியசாலைக்கு ஏன் இல்லை?

இதில் முன்னுக்கு வந்த நாடுகள் எப்படி வந்தன என்று பார்ப்போம். பாங்கொக்கின் பும்ருங்ராட் வைத்தியசாலை தனது பெரிய புதிய கட்டடத்தை 1997 இல் திறந்தது. அதே வருடம் ஜூலையில் தாய்லாந்தின் பாத் நாணயம் சரிந்தது. உள்ளூர் நோயாளிகளிடம் காசில்லை, கட்டடத்துக்கோ கடன். வேறு வழியின்றி வெளிநாட்டவரைத் தேடினார்கள். 2001 செப்டம்பருக்குப் பிறகு அமெரிக்கா போகத் தயங்கிய அரபு நாட்டவர்கள் அங்கே திரும்பினார்கள். அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர்களை வைத்தார்கள், ஹலால் உணவுக்கு ஏற்பாடு செய்தார்கள். 2002 இல் ஜே.சி.ஐ. என்ற சர்வதேசத் தரச் சான்றிதழை வாங்கினார்கள். அந்த வைத்தியசாலைக்கு அருகில் நானா பகுதியில் ஒரு தெருவே இன்று அரபுத் தெருவாகி விட்டது. அரபு உணவகங்களும் அத்தர்க் கடைகளும் சிறிய ஹோட்டல்களும் அங்கே நிறைந்திருக்கின்றன. (தெருவின் பெயரைக் கேட்டால் எம்மவர்கள் தமக்குச் சொந்தம் என்று நினைப்பார்கள்!)

மலேசியாவின் கதை எமக்கு இன்னும் பொருந்தும். அங்கே இதற்கென்றே ஒரு சபையை அமைத்து, கோலாலம்பூர், பினாங்கு விமான நிலையங்களில் நோயாளிகளை வரவேற்க ஆட்களை வைத்தார்கள். 2019 இல் 12 இலட்சத்துக்கும் அதிகமான வெளிநாட்டு நோயாளிகள் போனார்கள். பெரும்பாலோர் பக்கத்து இந்தோனேசியர்கள். ஆனால் என்னைக் கவர்ந்தது விமான நிலைய வரவேற்பு அல்ல. தனியார் வைத்தியசாலைகளில் வைத்தியர் எவ்வளவு கட்டணம் வாங்கலாம் என்பதற்கு அங்கே சட்டத்தில் அட்டவணை இருக்கிறது. அதற்கு மேல் வாங்க முடியாது. விளம்பரத்துக்கு முன்பே விலைப்பட்டியல் இருந்திருக்கிறது.

எமக்கும் 2006 இன் 21 ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டம் இருக்கிறது. பதிவு நடக்கிறது. பில்லை வைத்துக்கொண்டு மறுநாள் விமானம் ஏற வேண்டிய வெளிநாட்டவன், அன்றைக்கே முறையிட்டு அன்றைக்கே பதில் பெறும் இடம் எது என்று என் நண்பர் கேட்டபோது என்னால் சொல்ல முடியவில்லை.

2022 இல் ரூபாய் விழுந்தபோது, டொலரில் கொண்டு வருபவனுக்கு எமது வைத்தியம் மலிவாகி விட்டது, இதுதான் தருணம் என்று சிலர் தாய்லாந்தின் கதையைச் சொன்னார்கள். மலிவு என்பது உண்மை. ஆனால் அதே வருடம் மார்ச்சில் பேராதனை போதனா வைத்தியசாலையில் மருந்தில்லாமல் திட்டமிட்ட சத்திர சிகிச்சைகளை நிறுத்த வேண்டி வந்தது. வைத்தியர்கள் கூட்டமாக நாட்டை விட்டுப் போனார்கள். இங்கே காலையில் அரச வைத்தியசாலையில் வெட்டும் அதே சத்திர சிகிச்சை நிபுணர்தான் மாலையில் தனியாரில் வெட்டுகிறார். டொலர் நோயாளி பெருகினால் கிளினிக் வரிசையில் நிற்கும் எமது உம்மா வாப்பாவின் திகதி தள்ளிப் போகாமல் இருக்க என்ன ஏற்பாடு? இதற்குப் பதில் சொல்லாமல் திட்டம் போடுபவர்களை நான் நம்ப மாட்டேன்.

நம்பிக்கை கெட்டால் எப்படிக் கெடும் என்பதையும் பார்த்திருக்கிறோம். 2016 ஜனவரியில் இந்தியாவின் தெலங்கானாவில் பிடிபட்ட சிறுநீரக வியாபாரக் கும்பல், கொழும்புத் தனியார் வைத்தியசாலைகளில் மாற்றுச் சிகிச்சை செய்வித்ததாகப் பொலிஸார் சொன்னார்கள். சுகாதார அமைச்சு வெளிநாட்டவருக்கான சிறுநீரக மாற்றுச் சிகிச்சையை நிறுத்தியது. தரகர்கள் செய்த வேலைக்கு நாட்டின் பெயர் பத்திரிகைகளில் அடிபட்டது. அதே நாடுதான் 1964 முதல் உலகத்துக்குக் கண் வழங்கி வருகிறது. டொக்டர் ஹட்சன் சில்வா 1961 இல் தொடங்கிய கண் தான சங்கம் அனுப்பிய விழிவெண்படலங்களால் பார்வை பெற்றவர்கள் பாகிஸ்தானிலும் ஏராளம். விளம்பரச் செலவில்லாமல் வந்த நல்ல பெயர் அது.

இன்னொரு விடயம். இதை எந்தச் சுற்றுலாக் கூட்டத்திலும் யாரும் பேசுவதில்லை. சத்திர சிகிச்சைக்கு முதல் நாள் இரவு என் நண்பர் மெதுவாகக் கேட்டார்: "நானா, ஒருவேளை மௌத்தாகி விட்டால் உங்கள் நாட்டில் அடக்க விடுவார்கள்தானே?"

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. 2020 மார்ச் இறுதியிலிருந்து 2021 பெப்ரவரி வரை கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்களை இங்கே எரித்தார்கள். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லியும் கேட்கவில்லை. 2020 டிசம்பரில் எமது மையித்துகளை மாலைதீவில் அடக்கலாமா என்று பேச்சு நடந்தது. அந்த நாட்டு மக்கள் அதை மறப்பார்களா? பின்னர் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்க அனுமதித்தார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. நல்லது. இன்று அந்தத் தடை இல்லை என்று நண்பருக்கு நான் உறுதி சொன்னேன். ஆனால் முஸ்லிம் நாடுகளிலிருந்து நோயாளிகளை அழைக்க விரும்பும் அரசாங்கம், எந்தத் தொற்று வந்தாலும் இனி இப்படி நடக்காது என்பதைச் சட்டமாக எழுதி வைத்தால் ஆயிரம் விளம்பரப் பலகைகளை விடப் பெறுமதியாக இருக்கும்.

அரசாங்கத்தை மட்டும் திட்டிவிட்டு நாம் தப்பிக்கொள்ளவும் கூடாது. மாலைதீவார் என்று தெரிந்தவுடன் அறை வாடகையைக் கூட்டுவது யார்? மீற்றரைப் போடாமல் ஓட்டுவது யார்? வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பகுதிகளில் அறை கொடுக்கும் எம்மவர்கள் ஒரு தொகையை எழுதிக் கதவில் ஒட்டலாம். சமைக்க ஓர் அடுப்பு, படியேறாமல் போக ஒரு கீழ்மாடி அறை, இவ்வளவுதான் நோயாளிக்குத் தேவை. தரகுக் காசு வாங்குபவர் அதை நோயாளியிடம் சொல்லிவிட்டு வாங்கட்டும். சொல்ல வெட்கமாக இருந்தால் அது என்ன காசு என்று அவரே யோசித்துக் கொள்ளட்டும்.

மாலேயிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒன்றரை மணித்தியாலம். திருவனந்தபுரமும் ஏறக்குறைய அதே தூரம்தான். அங்கே மாலைதீவு நோயாளிகள் பல காலமாகப் போய் வருகிறார்கள். நாமே வருத்தம் பெரிதென்றால் சென்னைக்கும் மதுரைக்கும் ஓடுகிறவர்கள்தானே.

போன மாதம் நண்பரின் தாயாருக்குக் கண்ணில் வெள்ளை படர்ந்திருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, திருவனந்தபுரத்துக்குக் கூட்டிச் சென்று விட்டார். வெங்காய ஓர்டர் மட்டும் வழக்கம்போல எனக்கு வந்தது.