அன்னாசிக் கொண்டை சொல்லும் பாடம்

திருவண்ணாமலையைச் சுற்றிவரும் கிரிவலப் பாதை 14 கிலோ மீட்டர் நீளம். நடந்து களைத்தவர்களுக்கு ஒரு துண்டு அன்னாசி தேனாக இனிக்கும். உப்பும் மிளகாய்த் தூளும் தூவினால் கேட்கவே வேண்டாம்! தின்று முடித்ததும் தோலும் கொண்டையும் குப்பைக்குப் போய்விடும்.

அந்தக் கொண்டையை அலட்சியமாக எண்ணக் கூடாது. தண்ணீரைப் பிடித்துவைப்பது எப்படி, சிக்கனமாகச் செலவிடுவது எப்படி என்று பாடம் சொல்லும் குடும்பத்தைச் சேர்ந்தது அது. வேறு எந்த ஊருக்குத் தேவையோ இல்லையோ, திருவண்ணாமலைக்கு அந்தப் பாடம் அவசியம் தேவை.

கடல் கடந்து வந்தது

அன்னாசியின் தாயகம் தென் அமெரிக்கா. 1493-ம் ஆண்டில் கொலம்பஸ் அதைக் கண்டார். பிறகு போர்ச்சுக்கீசியர் அதை இந்தியாவுக்குக் கொண்டு வந்தனர். இன்று நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் அது செழித்து வளர்கிறது.

அன்னாசியின் குடும்பத்துக்கு "புரோமிலியேசி" என்று பெயர். அதில் 3,000-க்கும் அதிகமான வகைகள் உண்டு. ஒன்றே ஒன்று மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கிறது. மற்ற எல்லாவற்றுக்கும் அமெரிக்கக் கண்டங்களே தாயகம்.

அந்தக் குடும்பத்தில் விந்தைகளுக்குக் குறைவில்லை. ஆண்டிஸ் மலையில் ஒரு வகை பல பத்தாண்டுகள் காத்திருந்து, 30 அடி உயரத்துக்குப் பூத்து, அதோடு மடிந்துவிடும். இன்னொரு வகை தாடி போல மரக்கிளையில் தொங்கும். மண்ணையே தொடாது. மழையையும் பனியையும் இலையாலேயே குடிக்கும்!

மரத்தின் மேல் வளர்வதால் இவை திருட்டுச் செடிகளா? இல்லை. புல்லுருவி மரத்தின் சாற்றை உறிஞ்சும். இவை உட்கார இடம் மட்டுமே கேட்கும்.

இலைக்குள் ஒரு குளம்

இவற்றில் பல வகைகளின் இலைகள் அடியில் ஒன்றோடொன்று நெருங்கி, கிண்ணம் போல அமைந்திருக்கும். பெய்யும் மழை அதில் தேங்கும். அந்தச் சிறு குளத்தில் தவளைகள் குடியிருக்கும். ஜமைக்கா தீவில் ஒரு நண்டு அதிலேயே குஞ்சு பொரித்து வளர்க்கிறது. உள்ளே விழும் சருகு மக்கி, செடிக்கு உரமாகிறது.

அன்னாசிக்கு வேறொரு தந்திரமும் தெரியும். பெரும்பாலான செடிகள் பகலில் இலைத் துளைகளைத் திறந்து காற்றை வாங்கும். அப்போது வெயில் நீரைப் பறித்துக்கொள்ளும். அன்னாசியோ பகலில் துளைகளை மூடிக்கொள்ளும். குளிர்ந்த இரவில் திறந்து, வேண்டிய காற்றை வாங்கிச் சேமிக்கும். நம் வேலியில் படரும் பிரண்டையும் இதே வித்தையைச் செய்கிறது!

முன்னோர் அறிந்த வித்தை

செடி இலையில் செய்ததை நம் முன்னோர் மண்ணில் செய்தார்கள். கோயிலுக்குள் சிவகங்கை தீர்த்தம், வெளியே ஐயங்குளம், கிரிவலப் பாதை நெடுகப் பல தீர்த்தங்கள், ஏரிகள். மலையில் விழும் மழையை இவை ஏந்திக்கொள்ளும்.

கிண்ணம் இருந்தால் மட்டும் போதுமா? மேலே செடியும் கொடியும் வேண்டும். அவைதான் மழையின் வேகத்தைக் குறைக்கும். வேர்தான் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். மொட்டைச் சரிவில் நீர் மண்ணையும் அள்ளிக்கொண்டு ஓடும்.

2024-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதியை இந்த ஊர் மறக்க முடியுமா? ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச் சரிவு இடிந்து வீட்டின் மேல் விழுந்தது. குழந்தைகள் உள்பட 7 பேர் மாண்டனர். அவ்வளவு பெரிய மழையை மரங்கள் மட்டுமே தடுத்திருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் மலைச் சரிவை அலட்சியம் செய்யக் கூடாது என்பதை அந்தத் துயரம் உணர்த்திவிட்டது.

"மலையே சிவம். அதில் நாம் கை வைக்கலாமா?" என்று சிலர் கேட்கலாம். மரம் நடுவது மலைக்குச் செய்யும் தொண்டே அல்லவா? 1980-களின் பிற்பகுதியில் இருந்தே தன்னார்வலர்கள் அங்கே மரம் வளர்த்து வருகிறார்கள். அவர்களின் உழைப்பைக் கோடைக்காலத்தில் ஒரு தீக்குச்சி அழித்துவிடும்!

செய்ய வேண்டியது என்ன?

மலையில் அன்னாசி நட வேண்டியதில்லை. மலைக்கு அதன் சொந்த மரங்களே போதும். அங்கே நெருப்பு வைக்காமல் இருந்தால் அதுவே பெரிய உதவி. குளத்திலும் தீர்த்தத்திலும் குப்பை கொட்டக் கூடாது. நீர் வரும் கால்வாயை அடைத்து வீடு கட்டவும் கூடாது.

வீட்டில் குழந்தைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். அன்னாசிக் கொண்டையைத் திருகி எடுத்து, அடி இலைகளை உரித்து, சில நாள் நிழலில் உலர்த்தி, தொட்டியில் நடச் சொல்லுங்கள். இரண்டு ஆண்டு பொறுத்தால் ஒரு பழம் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. இலைக் கிண்ணத்தில் நீர் தேங்கும் அழகுச் செடிகளை வாங்கினால், வாரம் ஒரு முறை அந்த நீரைக் கொட்டிப் புது நீர் ஊற்றுங்கள். இல்லையேல் கொசு முட்டையிடும்.

சொட்டு நீரையும் வீணாக்காமல் வளரும் செடியைக் குழந்தை தினமும் பார்க்கட்டும். அப்படி வளரும் பிள்ளை நாளை குளத்தில் குப்பை கொட்டாது. மலையில் தீக்குச்சியும் கிழிக்காது.