புரளியும் வேண்டாம், பூசி மெழுகலும் வேண்டாம்!

மின்சார ஸ்கூட்டர் என்றாலே வெடிகுண்டு என்கிறது ஒரு கூட்டம். தீ என்பதே புரளி என்கிறது கம்பெனிக் கூட்டம். இரண்டுமே பொய், தோழர்களே!

2023 அக்டோபரில் இங்கிலாந்தின் லூட்டன் விமான நிலையக் கார் நிறுத்துமிடம் எரிந்தது. மின்சாரக் கார்தான் காரணம் என்று கதை கட்டினார்கள். முதலில் பற்றியது டீசல் கார் என்றது தீயணைப்புத் துறை. ஆனால் 2022 செப்டம்பரில் செகந்திராபாத்தில், மின்சார ஸ்கூட்டர் கடையில் பிடித்த தீ, மேல்மாடி விடுதியில் 8 உயிர்களைக் குடித்ததே! அதுவும் புரளியா?

இங்கே தாராவிச் சால்களில், சாப்பாட்டுப் பொட்டலம் சுமக்கும் நம் பிள்ளைகள் மாடிப்படியடியில்தான் ராத்திரி சார்ஜ் போடுகிறார்கள். தீப்பிடித்தால் தப்பிக்க அந்தப் படி ஒன்றே வழி!

2022 டிசம்பரில் அரசு பேட்டரி விதிகளை இறுக்கியது. அது போதாது. விபத்து விசாரணை அறிக்கைகளை மக்கள் முன் வை! சார்ஜ் போடத் திறந்தவெளி இடம் கொடு! உண்மை வெளியே வந்தால் புரளிக்கு வேலையில்லை.