நல்ல கைடு கிடைச்சா பி.எச்.டி, கிடைக்கலைன்னா தலைவிதியா?

1/ உங்க வீட்டுல, தெருவுல யாராவது பி.எச்.டி பண்றாங்களா? "ஆராய்ச்சி எப்படிப் போகுது"ன்னு கேட்டுப் பாருங்க. ஆராய்ச்சியைப் பத்திச் சொல்றதுக்கு முன்னாடி கைடைப் பத்திச் சொல்வாங்க. "நல்ல மனுஷன், தப்பிச்சேன்" என்பார்கள். இல்லைன்னா ஒரு பெருமூச்சு வரும். ஒரு இளம் விஞ்ஞானியின் வாழ்க்கை இப்படி லாட்டரி சீட்டு மாதிரி இருக்கலாமா? அதைப் பத்தித்தான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/ "டாக்டருக்கு இதுல என்ன வேலை?" என்று கேட்கலாம். நாங்க எழுதித் தர்ற ஒவ்வொரு மாத்திரைக்கும் பின்னாடி, எங்கேயோ ஒரு லேபில் ராத்திரி கண் விழித்த ஒரு ஆராய்ச்சி மாணவர் இருக்கிறார். அவர் பாதியில் விட்டுட்டுப் போனால் நஷ்டம் அவருக்கு மட்டும் இல்லை, நமக்கும்தான்.

3/ ஒரு சர்ஜன் எப்படி உருவாகிறார்? முதல் நாளே கையில் கத்தியைக் கொடுப்பதில்லை. முதலில் பக்கத்தில் நின்று பார்க்கணும். பிறகு சீனியருக்கு உதவணும். அப்புறம் சீனியர் பக்கத்தில் நிற்க, நாம செய்யணும். கடைசியாகத்தான் தனியாக. எல்லாம் லாக் புக்கில் ஏறும், சீனியர் கையெழுத்து போடுவார். எங்க துறையிலும் குறைகள் ஆயிரம் உண்டு. ஆனால் எதைக் கத்துக்கணும், எந்த வரிசையில் என்பதாவது எழுத்தில் இருக்கு.

4/ ஆராய்ச்சியில்? பேப்பர் எழுதுவது, புள்ளியியல், மேடையில் பேசுவது, ஆய்வு நிதிக்கு விண்ணப்பிப்பது, ஜூனியரை வழிநடத்துவது... இதையெல்லாம் யார் சொல்லித் தர்றாங்க? பெரும்பாலும் "போகப் போக வந்துடும்" என்பதுதான் பதில். வரலைன்னா ஒரு நாள் பயிலரங்கம். குத்துவிளக்கு, மதியச் சாப்பாடு, குரூப் போட்டோ, சர்டிஃபிகேட். திறன் மேம்பாடு முடிஞ்சுது.

5/ வகுப்பே வேண்டாம்னு நான் சொல்லலை. சென்னையில் இருக்கிற ஐ.சி.எம்.ஆர்-இன் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், மருத்துவ ஆராய்ச்சியின் அடிப்படைகளை ஆன்லைனில் சொல்லித் தருது. எம்.டி, எம்.எஸ் மாணவர்களுக்கு அதைத் தேசிய மருத்துவ ஆணையம் கட்டாயமாக்கியிருக்கு. நல்ல விஷயம். ஆனா வீடியோ பார்த்து மட்டும் யாரும் கார் ஓட்டக் கத்துக்கிட்டதில்லை. பக்கத்து சீட்டில் ஒருத்தர் உட்காரணும்.

6/ அப்படி ஒருத்தர் உட்கார்ந்தால் என்ன நடக்கும்? வயிற்றுப் புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமியின் கதையைப் பாருங்க. பேரி மார்ஷல் 1984இல் அந்தக் கிருமியைத் தானே குடிச்சுப் பார்த்தது பலருக்குத் தெரியும். அதுக்கு முந்தைய கதைதான் நமக்கு முக்கியம்.

7/ 1981. ஆஸ்திரேலியாவின் ராயல் பெர்த் மருத்துவமனை. மார்ஷல் அப்போ பயிற்சியில் இருந்த இளம் டாக்டர். ஆராய்ச்சிக்கு ஒரு தலைப்பு தேடிக்கிட்டிருந்தார். அதே மருத்துவமனையில் ராபின் வாரன் என்ற நோய்க்குறியியல் நிபுணர், 1979 முதலே இரைப்பைத் திசுவில் வளைந்த பாக்டீரியாக்களைப் பார்த்து வந்தார். வயிற்று அமிலத்தில் கிருமி எப்படி வாழும் என்று பலர் அதைப் பெரிதாக எடுத்துக்கலை. இந்த இளைஞரை வாரனிடம் அனுப்பினார்கள்.

8/ வாரன் தன் மைக்ரோஸ்கோப்பையும் சந்தேகங்களையும் ஜூனியரோடு பகிர்ந்துக்கிட்டார். கிருமி லேபில் வளரவே மறுத்தது. 1982 ஈஸ்டர் விடுமுறையில், வழக்கமாக இரண்டு நாளில் தூக்கிப் போடும் தட்டுகள் கூடுதல் நாட்கள் இன்குபேட்டரிலேயே கிடந்தன. அப்போதுதான் வளர்ந்தது! 1983இல் லான்செட் இதழில் இருவரும் ஆளுக்கொரு கடிதம் வெளியிட்டார்கள். கவனிங்க, ஜூனியரின் கடிதம் ஜூனியரின் பெயரிலேயே வந்தது. 2005இல் நோபல் பரிசு, இருவருக்கும்.

9/ இடையில் ஒரு சறுக்கல். 1983இல் ஆஸ்திரேலிய இரைப்பை-குடல் மருத்துவர் சங்கக் கூட்டத்துக்கு வந்த 67 ஆய்வுச் சுருக்கங்களில் 56ஐ ஏற்றார்கள். நிராகரித்ததில் மார்ஷலின் சுருக்கமும் ஒண்ணு. அந்த இடத்தில் தனி ஆளாக இருந்திருந்தால் எத்தனை பேர் தாக்குப் பிடிப்போம்? இன்னைக்கு எங்க ஓபியில் அல்சர் நோயாளிக்கு இரண்டு வார மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்புறோம். கத்தி எடுக்க வேண்டியதே அபூர்வமாகிடுச்சு.

10/ இப்போ நம்ம நாடு. யு.ஜி.சி-யின் 2022 விதிப்படி ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பி.எச்.டி மாணவர்கள் வரை வழிகாட்டலாம். இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4. எத்தனை பேர் என்பதற்கு உச்சவரம்பு போட்டாச்சு. அந்த ஒவ்வொருவருக்கும் வாரத்தில் எத்தனை மணி நேரம்? அதை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. வகுப்பு, விடைத்தாள், நாக் ஃபைல் என்று கைடே மூச்சுத் திணறிக்கிட்டிருக்கார் என்பதும் உண்மை. அவரை மட்டும் திட்டிப் பயனில்லை.

11/ "நாங்கல்லாம் யார் சொல்லிக் கொடுத்துக் கத்துக்கிட்டோம்?" சீனியர்கள் அடிக்கடி சொல்லும் வசனம் இது. நீச்சல் தெரியாமல் கிணற்றில் தள்ளப்பட்டுக் கரையேறினவர் சொல்ற கதை. மூழ்கினவர் வந்து கதை சொல்ல மாட்டார், இல்லையா?

12/ பணத்தையும் பேசியே ஆகணும். 2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப் மாதம் 37,000 ரூபாய், எஸ்.ஆர்.எஃப் 42,000. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் இது கிடைக்காத மாணவர்கள் ஏராளம். கிடைக்கிறவர்களும் மாதக்கணக்கில் தாமதம் என்று புலம்புவதைப் பார்க்கிறோம். மெஸ் பில்லுக்குக் கடன் வாங்குறவரை "பெர்சனாலிட்டி டெவலப்மெண்ட்" வகுப்புக்கு அனுப்புவது கொடுமை.

13/ நான் கேட்பது நாலே விஷயம்.
அ) வாரம் ஒரு மணி நேரம் கைடும் மாணவரும் உட்கார்ந்து பேசணும். அது கைடின் பணி நேரக் கணக்கில் சேரணும்.
ஆ) பேப்பரில் யார் பெயர் எந்த வரிசையில் என்பதை ஆய்வு தொடங்கும்போதே எழுதி வைக்கணும். வேலையில் பங்கு, எழுத்தில் பங்கு, இறுதி ஒப்புதல், பொறுப்பேற்பு, இந்த நாலும் இருந்தால்தான் ஆசிரியர் என்கிறது சர்வதேச மருத்துவ இதழாசிரியர்கள் குழு. "ஹெச்.ஓ.டி பெயரையும் போட்டுடு" அதில் எங்கேயும் இல்லை.
இ) உதவித்தொகை சம்பளம் மாதிரி மாசா மாசம் வரணும்.
ஈ) சர்ஜனுக்கு இருப்பது போல, ஆய்வாளருக்கும் லாக் புக் வேணும்.

14/ மாணவர்களுக்கு: கைடைத் தேர்ந்தெடுக்கும் முன் அவருடைய பேப்பர் எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீங்க. அவரிடம் படிச்சு முடிச்சவங்க இப்போ எங்கே இருக்காங்கன்னு பாருங்க, அவங்ககிட்ட பேசுங்க. பாதியில் போனவர் கிடைத்தால் அவரிடமும் பேசுங்க. உங்க துறைக்கு வெளியே இன்னொரு வழிகாட்டியையும் பிடிச்சு வெச்சுக்கோங்க. ஒரே ஆளிடம் எல்லாத்தையும் எதிர்பார்த்தால் இருவருக்கும் கஷ்டம்.

15/ பெற்றோருக்கு: "இன்னும் படிச்சுக்கிட்டே இருக்கியா?" என்ற கேள்வியைத் தயவுசெய்து நிறுத்துங்க. அது படிப்பு மட்டும் இல்லை, வேலை.

16/ கைடுகளுக்கு: வாரனுக்கு நோபல் கிடைச்சதில் அந்த ஜூனியருக்கும் பங்கு உண்டு. நீங்க ஒதுக்கும் ஒரு மணி நேரம் தர்மம் இல்லை சார், உங்க ஆராய்ச்சிக்கே போடும் முதலீடு. இந்த வாரமே ஆரம்பிங்க.