ஒரு பையன், ஆறு பேர், ஒரே கேள்வி

1/ கொஞ்சம் நீளமான இழை, பொறுத்துக்கங்க. வழக்கமா இங்கே காய்ச்சல், சர்க்கரை, பி.பி. பற்றி எழுதுவேன். இன்னைக்கு வீட்டுக்குள்ளே அடிபடும் குழந்தைகளைப் பற்றி. அவங்களைக் காப்பாற்ற நம்மிடம் சட்டம் இருக்கு, துறைகள் இருக்கு, ஆட்களும் இருக்காங்க. எல்லாரும் சேர்ந்து பின்பற்றும் ஒரு பொது நடைமுறைதான் இல்லை. அதை யார் தொடங்குவது?

2/ என் கிளினிக் மந்தாரக்குப்பத்தில். சில விவரங்களை மாற்றித்தான் சொல்றேன், அந்தக் குடும்பத்தை யாரும் அடையாளம் காணக் கூடாது. ஏழு வயசுப் பையன். அம்மா, அப்பா ரெண்டு பேரும் ஒப்பந்த வேலை. பையன் பெரும்பாலும் ஒரு உறவுக்காரர் வீட்டில். முதல் தடவை முதுகில் ரத்தக்கட்டோடு வந்தான். "சைக்கிள்ல இருந்து விழுந்துட்டான் சார்" என்றார் கூட வந்தவர். மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிட்டேன்.

3/ ஐந்து வாரம் கழித்து முன்கை வீக்கம். எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. "படியில வழுக்கிட்டான் சார்." அதையும் நம்பினேன். என் நோட்டில் ரெண்டு வருகையும் வேற வேற பக்கத்தில் இருந்தது. ரெண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோணலை. தப்பு என்னுடையது. இந்த இழையை எழுதக் காரணமே அதுதான்.

4/ மூன்றாவது தடவை தொடையின் பின்பக்கம் நீளநீளமாத் தடங்கள். ஓடியாடும் குழந்தை விழுந்தால் முட்டியில், முழங்காலுக்குக் கீழே, நெற்றியில், முழங்கையில் அடிபடும். முதுகு, பிட்டம், தொடையின் பின்பக்கம், காது, கழுத்து, இங்கெல்லாம் தடம் இருந்தால் யோசிக்கணும். தவழக்கூட ஆரம்பிக்காத கைக்குழந்தைக்கு ரத்தக்கட்டு என்றால் கட்டாயம் யோசிக்கணும். ரத்தம் உறைவதில் உள்ள கோளாறாகவும் இருக்கலாம், அதுக்கும் பரிசோதனை உண்டு. ஆனா "விழுந்துட்டான்" என்பதோடு விட்டுவிடக் கூடாது.

5/ 1098-க்குக் கூப்பிட்டேன். அதுக்கப்புறம் நடந்ததைக் கேளுங்க. ஒருத்தர் வீட்டுக்கு வந்து பேசினார். ஒருத்தர் சீருடையில் வந்து கேட்டார். ஒருத்தர் ஆஸ்பத்திரியில் கேட்டார். ஒருத்தர் கவுன்சலிங் என்று கேட்டார். ஒருத்தர் அறிக்கை எழுதக் கேட்டார். கடைசியா ஒரு மேஜைக்கு முன்னால் நிறுத்திக் கேட்டாங்க. ஆறு பேர். ஆறு பேருக்கும் முதல் கேள்வி ஒண்ணுதான்: "என்னப்பா நடந்துச்சு?"

6/ நாலாவது ஆளிடம் அவன், "அதான் அவங்ககிட்ட சொன்னேனே, எத்தனை வாட்டி சொல்றது?" என்றானாம். ஆறாவது ஆளிடம் "விழுந்துட்டேன்" என்று சொல்லிட்டான். சொன்னாலும் எதுவும் மாறலை, கேள்விதான் திரும்பத் திரும்ப வருது என்று ஏழு வயசுக்குப் புரிஞ்சு போச்சு. "குழந்தை முன்னுக்குப்பின் முரணாகப் பேசுகிறது" என்று ஒரு அறிக்கையில் எழுதினாங்க. அந்த ஒரு வரியால் பையன் மறுபடி அதே வீட்டுக்கே போயிருப்பான். ஆயா ஒருத்தர் பிடிவாதமா நின்றதால் தப்பிச்சான்.

7/ அந்த ஆறு பேரில் யாரும் கெட்டவங்க இல்லை. எல்லாரும் அவங்கவங்க வேலையை அவங்கவங்க விதிப்படி செய்தாங்க. ஒருத்தர் கேட்டது அடுத்தவருக்குப் போய்ச் சேரலை, அவ்வளவுதான். பின்னாடி விசாரிச்சா, வகுப்பு டீச்சர் அவன் பெஞ்சில் உட்காரத் தயங்குவதைப் பார்த்திருக்காங்க. பக்கத்து வீட்டு அக்கா சத்தம் கேட்டிருக்காங்க. என்னிடம் ரெண்டு பக்கம் இருந்தது. ஆளுக்கு ஒரு துண்டு. முழுப் படம் யாரிடமும் இல்லை.

8/ இப்போ ஒரு தடுப்பூசி அட்டையை நினைச்சுப் பாருங்க. பண்ருட்டியில் முதல் ஊசி போட்ட குழந்தையை இங்கே தூக்கிட்டு வந்தால், நர்ஸ் அம்மாவிடம் கதை கேட்பதில்லை. அட்டையைப் பார்ப்பாங்க, எது போட்டாச்சு, எது பாக்கி என்று தெரியும், அடுத்ததைப் போடுவாங்க. ஒரே மொழி, ஒரே வரிசை, யார் போட்டாலும் ஒரே முறை. பொது நடைமுறை என்று நான் சொல்வது இதைத்தான். போலியோ சொட்டு மருந்துக்கு இருக்கும் ஒழுங்கு, அடிபட்ட குழந்தைக்கு இல்லை.

9/ "சட்டம் இல்லையா டாக்டர்?" இருக்கு. சிறார் நீதிச் சட்டம் 2015, அமலுக்கு வந்தது 2016 ஜனவரி 15. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையை மீட்டால் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் கொண்டுவரணும். 15 நாளுக்குள் சமூக விசாரணை முடியணும். ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் எழுதணும். குழந்தையின் கருத்தைக் கேட்பது, காப்பகம் என்பது கடைசி வழி, இதெல்லாம் அந்தச் சட்டத்தின் 16 அடிப்படைக் கொள்கைகளில் உண்டு.

10/ பாலியல் குற்றம் என்றால் போக்சோ சட்டம், 2012. குழந்தையை வீட்டிலோ அதுக்குப் பிடித்த இடத்திலோ வைத்துத்தான் கேட்கணும், போலீஸ் சீருடையில் வரக் கூடாது, கோர்ட்டுக்குத் திரும்பத் திரும்பக் கூப்பிடக் கூடாது. தெரிஞ்சும் சொல்லாதவருக்கு 6 மாதம் வரை சிறை. எழுத்தில் எல்லாம் அழகா இருக்கு. ஆனா ஒவ்வொரு துறைக்கும் தனிப் படிவம், தனிப் பயிற்சி, தனி மேலதிகாரி. துறைகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளிக்குத்தான் ஆள் இல்லை.

11/ எங்க ஊரில் இந்த இடைவெளி கண்ணுக்கே தெரியும். ஒரு பக்கம் என்.எல்.சி. டவுன்ஷிப்: பிளாக், குவார்ட்டர்ஸ், கம்பெனி ஆஸ்பத்திரி. இந்தப் பக்கம் மந்தாரக்குப்பம், பேரூராட்சி. மாவட்டத் தலைநகர் கடலூர், பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல். அப்பாவுக்கு வேலை அங்கே, வாடகை வீடு இங்கே, பள்ளிக்கூடம் வேறொரு இடத்தில். எல்லைகள் பெரியவங்க போட்டது. குழந்தை அந்தக் கோட்டுக்கு நடுவில் மாட்டிக்குது.

12/ இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை. லண்டனில் விக்டோரியா கிளிம்பியே என்று எட்டு வயசுச் சிறுமி 2000 பிப்ரவரி 25-ல் இறந்துபோனாள். வளர்க்கிறோம் என்று அழைத்து வந்தவங்களே கொன்னாங்க. உடம்பில் 128 காயத் தடங்கள். நாலு உள்ளாட்சிகளின் சமூக சேவைத் துறை, போலீஸ், ரெண்டு ஆஸ்பத்திரி, எல்லாருக்கும் அவளைத் தெரியும். காப்பாற்ற 12 வாய்ப்பாவது இருந்தது என்றது 2003-ல் வெளிவந்த லேமிங் விசாரணை அறிக்கை. ஓர் ஆஸ்பத்திரியில் தடங்களைச் சிரங்கு என்று சொல்லிட்டாங்க. "சைக்கிள்ல விழுந்துட்டான்" என்று நான் எழுதினேனே, அதே கதை.

13/ சரி, பொது நடைமுறை எப்படி இருக்கும்? 1990-களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டர்னெல், ஸ்டீவ் எட்வர்ட்ஸ் ரெண்டு பேரும் களப்பணியாளர்களோடு சேர்ந்து ஒரு முறையை உருவாக்கினாங்க. சாரம் மூணு கேள்வி. எதைப் பார்த்துக் கவலைப்படுறோம்? எது நல்லா இருக்கு? இனி என்ன நடக்கணும்? கூடவே, இந்தக் குழந்தை இன்னைக்கு எவ்வளவு பாதுகாப்பா இருக்குன்னு 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண். 2008-ல் அந்த மாநில அரசு துறை முழுக்க அதை ஏற்றுக்கொண்டது. பிறகு பல நாடுகள் எடுத்துக்கிட்டாங்க.

14/ எங்க பையனுக்கு அதைப் போட்டுப் பாருங்க. கவலை: மூணு காயம், பெஞ்சில் உட்காரலை, இரவில் சத்தம். நல்லது: ஆயா உறுதியா இருக்காங்க, பள்ளிக்குத் தவறாமல் வர்றான், அம்மா அப்பா கேட்டால் கேட்பாங்க. நடக்கணும்: நாளையிலிருந்து ஆயா வீடு, வாரம் ஒரு முறை ஒரே ஆள் போய்ப் பார்க்கணும். ஒரு பக்கத்தில் முடிஞ்சிடும். அடுத்து வருபவர் "என்ன நடந்துச்சு" என்று ஆரம்பிக்காமல் "நீ சொன்னதைப் படிச்சேன்பா" என்று ஆரம்பிக்கலாம்.

15/ ஒரு உண்மையையும் சொல்லணும். இந்த முறையைக் கொண்டுவந்ததால் மட்டுமே குழந்தைகள் காப்பகம் போவது குறைஞ்சதா என்று இங்கிலாந்தில் ஆய்ந்து பார்த்தப்போ, உறுதியான ஆதாரம் கிடைக்கலை. எனக்கு அது ஆச்சரியம் இல்லை. மாத்திரைச் சீட்டை வாங்கி பாக்கெட்டில் வச்சிருந்தால் காய்ச்சல் குறையுமா? படிவத்தை அச்சடிப்பது சுலபம். அதை நாலு துறையும் சேர்ந்து பயன்படுத்த வைப்பதுதான் கஷ்டம். அங்கேதான் தலைமை வேணும்.

16/ அந்தத் தலைமை எப்படி இருக்கும்னு கத்துக்க வெளிநாடு போக வேண்டாம். தமிழ்நாட்டில் பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் என்ன செய்யறோம்? 1990-களில் இருந்தே அந்த மரணத்தை ஆராய்கிறோம். கிராம செவிலியர், ஆரம்ப சுகாதார நிலையம், ஆம்புலன்ஸ், பெரிய ஆஸ்பத்திரி, எல்லார் பங்கும் ஒரே மேஜைக்கு வரும். ஆட்சியர் கூட்டத்துக்கு இறந்தவரின் உறவினரையே அழைத்துக் கேட்கும் வழக்கமும் வந்தது. கேள்வி மூணு: முடிவெடுக்கத் தாமதமா, வந்து சேரத் தாமதமா, வந்தபின் சிகிச்சையில் தாமதமா?

17/ தமிழ்நாட்டில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 2004-06-ல் 111 தாய்மார் இறந்தாங்க. 2018-20-ல் 54. ரத்த வங்கி, 108, 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையம் என்று காரணம் பல. ஆனா ஆட்சியர் மாறினாலும், டீன் மாறினாலும் அந்தக் கூட்டம் நின்று போகலை. ஒரு தனி மனிதரின் ஆர்வம் எல்லாருக்குமான வழக்கமா மாறிச்சு. குழந்தைப் பாதுகாப்பில் நாம இன்னும் அந்த இடத்துக்கு வரலை.

18/ நான் சின்ன அளவில் முயற்சி பண்ணினேன். ஒரு தலைமையாசிரியர், ஒரு கிராம செவிலியர், ஒரு எஸ்.ஐ. அம்மா, நான். மாதம் ஒரு நாள் ஒரு மணி நேரம், குழந்தையின் பெயர் சொல்லாமல். முதல் கூட்டம் படுதோல்வி. "எங்க பக்கம் தப்பு இல்லை" என்று எல்லாரும் கோப்பைத் தூக்கிக் காட்டினாங்க. நானும்தான். ரெண்டாவது கூட்டத்தில் நான் என் நோட்டின் ரெண்டு பக்கத்தையும் மேஜையில் வச்சேன். "இதைச் சேர்த்துப் பார்க்காதது நான்." கொஞ்ச நேரம் யாரும் பேசலை. அப்புறம் ஹெச்.எம். பேச ஆரம்பிச்சார்.

19/ எனக்குப் புரிஞ்சது இவ்வளவுதான். சுற்றறிக்கை போட்டால் கையெழுத்துதான் வரும். முன்னால் நிற்பவர் தன் தவறை முதலில் சொன்னால்தான் மற்றவங்க வாய் திறப்பாங்க. மேலதிகாரி தண்டிக்கக் கேட்கிறாரா, கத்துக்கக் கேட்கிறாரா என்று கீழே இருப்பவர் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடிச்சிடுவார்.

20/ "ஏற்கெனவே பதினெட்டு ரெஜிஸ்டர், இன்னொரு படிவமா?" என்று களப்பணியாளர்கள் கேட்பது நியாயம். புதுசா ஒன்று சேர்த்தால் பழசு ரெண்டை எடுக்கணும். எதை எடுக்கலாம் என்பதை அவங்களைக் கேட்டு முடிவு செய்யணும்.

21/ இன்னொரு பயம், ரகசியம். சின்ன ஊர், ஒரு மணி நேரத்தில் பஜார் முழுக்கப் பரவிடும். குழந்தையின் படத்தை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு "விசாரிக்கவும்" என்று அனுப்புறாங்க. அது குற்றம். சிறார் நீதிச் சட்டம் 74-வது பிரிவின்படி அடையாளத்தை வெளியிட்டால் 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். பகிர்வது என்றால், அந்தக் குழந்தைக்காக வேலை செய்யும் நாலு பேருக்குள் மட்டும்.

22/ மேலே யார் கேட்பது? அதுக்கும் சட்டத்தில் பதில் இருக்கு. 2021-ல் வந்த திருத்தம் 2022 செப்டம்பர் 1 முதல் அமலில் இருக்கு. மாவட்டத்தில் இந்த அமைப்புகளை ஒருங்கிணைத்துக் கண்காணிக்கும் பொறுப்பை ஆட்சியருக்குத் தெளிவாகக் கொடுத்திருக்கு. தாய் மரணத்துக்கு உட்காரும் அதே மேஜை. அங்கேயே மாதம் ஒரு குழந்தையின் கதையை எடுத்து, எங்கே தாமதம் ஆச்சுன்னு மூணு கேள்வி கேட்டால் போதும். தாய் மரணத்தில் இறந்தபிறகு கேட்கிறோம். இங்கே உயிரோடு இருக்கும்போதே கேட்க முடியும்.

23/ நீங்க என்ன செய்யலாம்? சந்தேகம் வந்தால் 1098, இலவசம். நிரூபிப்பது உங்க வேலை இல்லை. குழந்தை உங்களிடம் சொன்னால் குறுக்கு விசாரணை செய்யாதீங்க. முழுசாக் கேளுங்க, அது சொன்ன வார்த்தையிலேயே தேதியோடு எழுதி வையுங்க. அடுத்து வருபவரிடம் அந்தத் தாளைக் கொடுங்க. ஒரு தடவை கேட்பதை மிச்சம் பண்ணினாலே அந்தக் குழந்தைக்கு உதவிதான்.

24/ பையன் இப்போ ஆயா வீட்டில். போன மாசம் சளி என்று வந்தான். "எங்கயாவது வலிக்குதா?" என்று வழக்கம் போலக் கேட்டேன். பதில் சொல்றதுக்கு முன்னாடி அவன் ஆயா முகத்தைப் பார்த்தான். கேள்வி கேட்கும் பெரியவங்களை அவன் இன்னும் நம்பலை. டாக்டர், டீச்சர், போலீஸ், இதைப் படிக்கும் யாரா இருந்தாலும், உங்க ஊரில் அடுத்த துறையில் இருப்பவரின் போன் நம்பரை இந்த வாரம் வாங்கி வையுங்க. அங்கிருந்து தொடங்கலாம்.