படிக்காத தகடு: தரவு போய்விட்டதா?

சிடியிலோ டிவிடியிலோ எழுதி வைத்த பேக்கப் பல ஆண்டுகள் கழித்துத் திறக்காமல் போனால், அதிலிருந்த தரவு அழிந்துவிட்டது என்பதே பலருடைய முடிவு. கல்யாண வீடியோ, ஆய்வேட்டின் மூலக் கோப்புகள், இறந்துபோனவரின் குரல்பதிவு என்று வேறு பிரதி இல்லாத பலவும் இந்த ஒரு முடிவால் குப்பைக்குப் போகின்றன. பல நேரங்களில் இந்த முடிவு தவறானது. அதற்குச் சொல்லப்படும் காரணங்களைத் தனித்தனியே எடுத்துப் பார்த்தால் தவறு எங்கே என்று தெரியும்.

"டிரைவ் படிக்கவில்லை, ஆகவே தகட்டில் ஒன்றுமில்லை" என்பது முதல் காரணம். எழுதும்போது லேசர் கதிர், தகட்டுக்குள் இருக்கும் சாயப் படலத்தைப் புள்ளி புள்ளியாகச் சுட்டு மாற்றுகிறது. படிக்கும்போது, சுட்ட இடத்துக்கும் சுடாத இடத்துக்கும் இடையிலான ஒளி வேறுபாட்டை டிரைவ் அளக்கிறது. சாயம் மங்க மங்க இந்த வேறுபாடு குறையும். குறைந்த வேறுபாட்டைப் பிரித்தறியும் திறன் எல்லா டிரைவுக்கும் ஒன்றல்ல. லேசரின் நிலை, குவியம் பிடிக்கும் நுட்பம், சுழலும் வேகம் எல்லாம் மாறும். ஒரு டிரைவ் கைவிட்ட தகட்டை இன்னொன்று எளிதாகப் படிப்பது இதனால்தான். ஒரு டிரைவின் மறுப்பை வைத்துத் தகட்டின் கதையை முடிக்கக்கூடாது. குறைந்தது இரண்டு மூன்று டிரைவ்களில், வேகத்தைக் குறைத்தும் பார்க்க வேண்டும்.

"கணினி காலித் தகடு என்று காட்டுகிறது" என்பது அடுத்தது. தகட்டில் என்ன, எங்கே இருக்கிறது என்ற பட்டியல் உள்விளிம்பை ஒட்டிய சிறு பகுதியில் இருக்கிறது. அந்தப் பகுதி கெட்டாலோ, எழுதி முடித்தபின் தகட்டை முறைப்படி மூடாமல் விட்டிருந்தாலோ, உள்ளே கோப்புகள் அப்படியே இருந்தும் தகடு காலியாகத் தெரியும். மூடாத தகட்டை, எழுதிய அதே டிரைவோ வேறொரு ரைட்டரோ பெரும்பாலும் படித்துவிடும். பல தவணைகளில் எழுதிய தகட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. பிந்தைய தவணையின் பட்டியல் முந்தைய கோப்புகளைச் சேர்த்துக்கொள்ளாவிட்டால் அவை கண்ணுக்கு மறைந்துவிடும். ஆனால் சிடி-ஆர் தகட்டில் எழுதியதை அழிக்க வழியே இல்லை. பழைய தவணை அதே இடத்தில்தான் இருக்கிறது. ஐசோபஸ்டர் போன்ற மென்பொருள் ஒவ்வொரு தவணையையும் தனியே திறந்து காட்டும். பட்டியல் முழுதும் போயிருந்தாலும் ஃபோட்டோரெக் என்ற மென்பொருள், கோப்புகளின் தொடக்க அடையாளங்களைத் தேடி எடுத்துவிடும். கோப்பின் பெயர் மட்டும் கிடைக்காது.

"பாதியில் பிழை வந்துவிட்டது, மொத்தமும் போச்சு" என்ற காரணமே அதிக இழப்புக்கு இடம் கொடுக்கிறது. 80 நிமிட சிடியில் 3,60,000 செக்டார்கள் உண்டு. 2,352 பைட் கொண்ட ஒவ்வொரு செக்டாரிலும் பயனரின் தரவு 2,048 பைட். மீதியில் பெரும்பகுதி பிழை திருத்தத்துக்கானது. இதற்கும் கீழே இன்னொரு திருத்த அடுக்கு உண்டு. அது தடத்தின் நெடுகில் சுமார் 2.5 மில்லிமீட்டர் வரையிலான இடைவெளியைக்கூட ஈடுசெய்யும். டிவிடியில் 16 செக்டார்கள், அதாவது 32 கிலோபைட், ஒரே தொகுதியாகத் திருத்தப்படுகின்றன. திரையில் வரும் பிழைச் செய்தி, இப்படியொரு சிறு பகுதி திருத்தத்தின் எல்லையைத் தாண்டிவிட்டது என்பதை மட்டுமே சொல்கிறது. கோப்புகளை இழுத்துப் போட்டு நகலெடுக்கும் சாதாரண முறை அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. குனூ டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள் அப்படி நிற்பதில்லை. நல்ல பகுதிகளை முதலில் எடுத்து, தகட்டின் முழு நகலாக அமையும் ஓர் இமேஜ் கோப்பில் சேர்த்துவிட்டு, கெட்ட இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு பிறகு திரும்பி வருகிறது. அந்தக் குறிப்பு இருப்பதால், வேறு டிரைவில் அதே தகட்டைப் போட்டு விடுபட்டதை மட்டும் நிரப்பலாம்.

நிரம்பாமல் எஞ்சும் ஓட்டைகளும் எல்லாக் கோப்பையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. டிவிடி வீடியோவில் 32 கிலோபைட் போனால், பெரும்பாலும் படம் அரை நொடியளவு கலங்கிவிட்டுத் தொடரும். ஜிப் கோப்பில் ஒவ்வொரு கோப்பும் தனியே சுருக்கப்படுவதால் மற்றவற்றை மீட்கலாம். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொடராகச் சுருக்கியிருந்தால்தான் சேதம் பெரிது.

"கீறல்தான் காரணம், தேய்த்தால் சரியாகும்" என்ற நம்பிக்கை ஆபத்தானது. சிடியின் அடிப்புறத்தில் 1.2 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் இருக்கிறது. கதிர் அதற்கு அப்பால் குவிவதால் மேற்பரப்பின் சிறு கீறல்களும் தூசியும் பெரிய தடையல்ல. பற்பசை தேய்ப்பது புதிய கீறல்களைச் சேர்க்கும். மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைப்பதே போதும்; வட்டமாகத் துடைத்துக் கீறல் விழுந்தால் அது தடத்தின் போக்கிலேயே நீளும். மெருகேற்றுவது, கிடைத்ததையெல்லாம் இமேஜாக எடுத்தபின் வைத்துக்கொள்ள வேண்டிய கடைசி முயற்சி.

தரவு அழிந்துவிட்டது என்ற பரவலான முடிவு சரியாகும் இடங்களும் உண்டு. சிடியின் பெயர் எழுதும் பக்கத்தில் தரவைக் காப்பது மிக மெல்லிய அரக்குப் பூச்சு மட்டுமே. அங்கே உரிந்து பிரதிபலிப்புப் படலம் போயிருந்தால், அந்த இடத்துத் தரவை எந்த மென்பொருளும் தராது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஓட்டை கண்ணுக்கே தெரியும். வெயிலில் கிடந்து சாயம் முற்றிலும் வெளுத்த தகட்டுக்கும் இதே நிலைதான். டிவிடியில் தரவு இரண்டு 0.6 மில்லிமீட்டர் தகடுகளுக்கு நடுவே இருப்பதால் மேல்பக்கக் கீறல் அவ்வளவு எளிதில் அதை எட்டாது. ஒட்டுப் பிரிந்தால்தான் கேடு.

சாயம் மங்குவது நிற்பதில்லை. இன்று ஒரு டிரைவிலாவது படிக்கும் தகடு, இன்னும் சில ஆண்டுகளில் எதிலும் படிக்காமல் போகலாம். பெட்டியில் கிடக்கும் பழைய தகடுகளை எறிந்துவிடாமல், இப்போதே எடுத்து, முதல் வேலையாக இமேஜ் எடுத்து வையுங்கள்.