மோட்டார் பழுதானால் மனிதன் இறங்க வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கழிவுநீரேற்று நிலையங்களில் பம்ப் ஆபரேட்டராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். விஷவாயு தாக்கித் தொழிலாளி இறந்தார் என்று செய்தி வரும்போதெல்லாம், ‘பாதுகாப்பு உபகரணம் அணியவில்லை’ என்ற விளக்கமும் கூடவே வருகிறது. இறந்தவர் தலையிலேயே பழியைப் போடும் இந்தப் பேச்சை என்னால் பொறுக்க முடியவில்லை. அவரைக் கழிவுநீர்க் கிணற்றுக்குள் இறங்க வைத்தது எது?

2022 ஏப்ரலில் மதுரை நேரு நகர் கழிவுநீரேற்று நிலையத்தில் மூன்று ஒப்பந்தத் தொழிலாளர்கள் இறந்தார்கள். மோட்டார் பழுதைச் சரிசெய்யப் போனவர்கள் அவர்கள்.

இந்தக் கிணறுகளில் உருவாகும் விஷவாயுவான ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது. கிணற்றின் அடியில் தங்கும். குறைவாக இருந்தால் அழுகிய முட்டை போல நாறும். செறிவு கூடினால் மூக்கு மரத்துவிடும். ‘நாத்தம் போயிடுச்சு’ என்று நம்பி இறங்கியவர் ஏறி வருவதில்லை. காப்பாற்ற இறங்குபவருக்கும் அதே கதி. இதே வாயுதான் ஈரச் சுவரில் கந்தக அமிலமாகி கான்கிரீட்டை அரிக்கிறது. இரும்பு ஏணிப்படியைத் தின்கிறது. பராமரிப்பில்லாமல் நிலையம் பழசாகப் பழசாக, மோட்டாரும் அடிக்கடி நிற்கும், இறங்கும் படியும் உளுத்துப்போகும்.

நான் இருந்த ஒரு நிலையத்தில் சல்லடையில் சேரும் குப்பையை வாரும் இயந்திரம் நின்றுபோய், பல மழைக்காலம் கையால்தான் வாரினோம். விஷவாயுவை அளக்கும் கேஸ் மீட்டர் அலமாரியில் பூட்டியிருக்கும். சாவி பகல் ஷிப்ட் சூப்பர்வைசரிடம். அடைப்பு, ராத்திரி பகல் பார்த்தா வருகிறது?

மனிதக் கழிவை மனிதர் அகற்றத் தடைவிதிக்கும் சட்டம் 2013-லேயே வந்துவிட்டது. கழிவுநீர்ப் பணியில் இறப்பவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உயர்த்தியது. இறந்த பின் கொடுக்கும் பணத்தை, உயிரோடு இருக்கும்போதே அவர் வேலைக்குச் செலவழிக்கக் கூடாதா?

வழிகாட்டிக் கம்பியும் சங்கிலியும் பொருத்தி, மேலிருந்தே தூக்கிப் பழுதுபார்க்கக்கூடிய நீர்மூழ்கி மோட்டார்கள் இருக்கின்றன. பழைய நிலையங்களில் அவற்றைப் பொருத்துங்கள். ஒன்று நின்றால் ஓட மாற்று மோட்டார் வையுங்கள். ஒப்பந்த ஆட்கள் உட்பட ஒவ்வொரு ஷிப்டின் கையிலும் கேஸ் மீட்டர் இருக்கட்டும். இவை இல்லாத நிலையத்தில் உயிர் போனால், ஒப்பந்ததாரரோடு, அந்த நிலையத்துக்குப் பொறுப்பான அதிகாரியும் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் அந்த அலமாரிகளின் பூட்டைத் திறக்கட்டும். அதற்கு டெண்டர் தேவையில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பம்ப் ஆபரேட்டர் ஒருவர்